ஆள் அடமானம்

தனியாகப் போவதற்கென்று ஒரு வண்டி வாங்கவேண்டுமானாலும் கூட ஒரு ஆள் வேண்டும் என்கிற ஞானம் எனக்குப் பூந்தமல்லியில்தான் பிறந்தது.

அங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் நின்றிருந்தது அந்த வண்டி. அறுநூற்றைம்பது சிசி, இரண்டு சிலிண்டர், முன்னால் காற்றைத் தடுக்கிற கண்ணாடி. ஸ்போர்ட் டூரர் என்பார்கள். ரேஸ் வண்டியைப் போல டேங்க் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டத் தேவையில்லை. சாதாரண வண்டியைப் போல எதிர்காற்றுக்கு நெஞ்சைக் கொடுத்து நாள் முழுக்க அறை வாங்கவும் தேவையில்லை. விடிகாலை ஆவடியில் கிளம்பினால் மதியச் சாப்பாடு மதுரையில், அதுவும் இறங்கும்போது இடுப்பு நம்முடையதாகவே இருக்கும். புதிதாக வாங்க என் சம்பளம் காணாது. பழசுதான்.

விற்கிறவன் மென்பொருள் கம்பெனிப் பையன், பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறவன். நான் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. பழைய வண்டி பார்க்கப் போனால் இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த வண்டி ஒரே அழுத்தில் கிளம்புகிறதா, இருமிக்கொண்டே நிற்கிறதா என்பதில் பாதி ஜாதகம் தெரிந்துவிடும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். "ஏன் தம்பி, நான் வர்றேன்னு கொதிக்க வச்சீங்களா?" என்றேன். பல்லைக் காட்டினான். சரி, ஓட்டியே பார்த்துவிடலாம் என்று சாவிக்குக் கையை நீட்டினேன்.

"மேடம், கூட யாரும் வரலையா?"

"இல்லை. ஏன்?"

"டெஸ்ட் ரைடு போறதுன்னா யாரையாச்சும் விட்டுட்டுப் போகணும்."

கைப்பையை நீட்டினேன். போனை நீட்டினேன். லைசென்ஸ், கம்பெனி அடையாள அட்டை, நான் வந்த ஸ்கூட்டரின் சாவி, எல்லாவற்றையும் நீட்டினேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"சாமான் வேணாம் மேடம். ஆள் வேணும்."

அவனுடைய நண்பன் ஒருவனிடம் யாரோ முதுகுப்பையைக் கொடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கப் போனானாம். போனவன் போனவன்தான். பையைத் திறந்தால் உள்ளே செங்கல்லும் பழைய பேப்பரும். அன்றையிலிருந்து இந்தப் பக்கம் பெரிய வண்டி விற்கிற யாரும் ஆளை உட்கார வைக்காமல் சாவி தருவதில்லை. வாங்க வருகிறவன் மச்சானையோ தம்பியையோ கூட்டிவருவான். மச்சானை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து காபி கொடுப்பார்கள். இவன் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து மச்சானை மீட்டுக்கொள்வான். ஆள் அடமானம்!

அடக் கடவுளே, அடமானம் வைக்க ஆள் இல்லாதவர்கள்தானேடா தனியாகப் போக ஆசைப்படுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு ஆள் இருந்தது. கட்டிய புருஷன்.

ஆவடி சேக்காட்டில் எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமல், "அவ்ளோதானே? நான் வந்து உக்கார்றேன்மா" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர்ப் பக்கத்துப் பழைய குடும்பம். நெல் போட்ட இடத்தில் எல்லாம் இப்போது மூன்று மாடி கட்டி வாடகை வாங்குகிறார்கள். இவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். நான் கோவில்பட்டிக்காரி. வேலைக்கென்று இங்கே வந்து, கல்யாணமாகி, இங்கேயே ஒட்டிக்கொண்டவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு கியர் வண்டி என்றால் நடுக்கம். கடைக்குப் போனாலும் என் ஸ்கூட்டருக்குப் பின்னால்தான் உட்காருவார். எங்கள் தெருவில் அது ஒரு வேடிக்கை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. பொறுமைசாலி, குரல் உயர்த்தாதவர், பெண்டாட்டிக்கு பைக் வாங்கித் தரப்போகிற பெருந்தன்மைக்காரர். பார்க்கிறவர்கள் எல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். பணம் என்னுடையது என்பதை யாரும் கேட்கவில்லை.

எதற்குத் தனியாகப் போகவேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். வேலைக்கும் இப்போது வண்டி பார்க்கவும் தவிர, கல்யாணம் ஆனதிலிருந்து நான் எங்கேயும் தனியாகப் போனதில்லை, அதனால்தான். கோவில்பட்டிக்கு ரயில் ஏறினால் நாத்தனார் துணைக்கு வருவாள். கோயிலுக்குக் கிளம்பினால் மாமியார் செருப்பைத் தேடுவார். கீழே குப்பை போடப் போனால்கூட எதிர்வீட்டு அக்கா, "இரு, நானும் வர்றேன்" என்று கூடவே இறங்குவார். அன்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூச்சு முட்டுகிற அன்பு. ஒரே ஒரு தடவை, ஒரு வாரம், யாரும் பின்னால் உட்காராத ஒரு வண்டியில் ராமேஸ்வரம் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரவேண்டும். உயிரே போனாலும் போகட்டும் என்கிற அளவுக்கு அந்த ஆசை முற்றியிருந்தது.

பூந்தமல்லிக்கு மறுபடி போகவில்லை. சூடாக்கி வைக்கிறவனிடம் என்ன பேச்சு? அடுத்தது பட்டாபிராம்.

விற்கிறவர் ஜிம் நடத்துகிறவர். கையெல்லாம் பச்சை குத்தியவர். ஆனால் வண்டியைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். இன்ஜின் ஜில்லென்று இருந்தது. செயினில் ஒரு பொட்டுத் துரு இல்லை. என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து, "போய்ட்டு வாம்மா, அவசரம் இல்ல" என்றார். நான் ராணுவக் குடியிருப்பு வரை போய்த் திரும்பினேன். வேகம் ஏற ஏற வண்டி தரையோடு படிந்துகொண்டு போனது. இதுதான், இதேதான் என்று ஹெல்மெட்டுக்குள் பாட்டே பாடிவிட்டேன்.

திரும்பி வந்து, "எப்ப எடுத்துக்கலாம் சார்?" என்றேன்.

ஜிம்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது... ஊட்ல வேணாங்கறாங்க சிஸ்டர். செண்டிமென்ட்டு. விக்கல" என்றார்.

"விக்கலையா? அப்புறம் எதுக்கு விளம்பரம் போட்டீங்க?"

"தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க பத்திரமா போய்ட்டு வாங்க." பேசிய விதம் வண்டி விற்கிறவர் பேசுகிற மாதிரியே இல்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. திருவேற்காட்டிலும் அதே கதை. அங்கே விற்கிறவன் ஒரு கல்லூரி வாத்தியார். நான் ஓட்டப் போகும்போது வாயெல்லாம் பல்லாக இருந்தவன், திரும்பி வந்தபோது, வேறு ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். பத்து நிமிடத்திலா? ராத்திரி பார்த்தால் அவன் விளம்பரம் இணையத்தில் அப்படியே கிடக்கிறது. விலையைக்கூடக் குறைத்திருக்கிறான்!

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பொம்பளை. வேறென்ன? பொம்பளைக்குப் பெரிய வண்டி விற்றால் இவன்கள் மீசை உதிர்ந்துவிடும். வீடு திரும்புகிற வழியெல்லாம் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே ஆம்பளை ஜாதியையே வறுத்தெடுத்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "வுடு மா. ஒலகம் அப்டித்தான். இவனுங்க திருந்த மாட்டானுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஒரு மனுஷனாவது நம் பக்கம் இருக்கிறாரே என்று நினைத்தேன். அன்றைக்கு அவருக்குப் பிடிக்குமே என்று மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். என்னை எதால் அடிப்பது?

குத்தம்பாக்கத்து வண்டி வந்தது சித்திரை வெயிலில். புது பஸ் ஸ்டாண்டு கட்டிய இடத்தைத் தாண்டி உள்ளே போனால் ஊர். விற்கிறவன் நிலம் நீச்சு வைத்திருந்த குடும்பத்துப் பையன். அதில் கொஞ்சம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மிச்சத்தில் குடோன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் இவ்வளவு கனமான வண்டியை அவனால் தாங்க முடியவில்லை. வீட்டில் அவனும் அவன் அம்மாவும். அந்த அம்மா வாசலிலேயே என்னை நிறுத்தி மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா ஓட்டப் போற?"

"ஆமாம்மா."

"ஏ அப்பா! காலு எட்டுமா?"

உட்கார்ந்து காட்டினேன். இரண்டு பாதமும் பாதிவரை ஊன்றியது. அந்த அம்மா கைதட்டிச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வண்டியையும் பிடித்துப்போனது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பினேன். எங்கேயும் தட்டவில்லை, விழுந்து எழுந்த வண்டி இல்லை. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. குளிர்ந்த இன்ஜின் ஒரே அழுத்தில் உறுமியது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே பெட்டி வைக்கிற சட்டம் பொருத்தியிருந்தான் பையன். பின்னால் யாரும் உட்கார முடியாது. எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது.

வழக்கம்போல என் அடமானப் பொருள் வேப்பமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்தது. நான் கிளம்பினேன். பெங்களூர் ரோட்டில் ஏறி மூன்றாவது கியரில் கொஞ்சம் திருகியதும் பக்கத்து லாரிகள் எல்லாம் பின்னால் போயின. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காற்றே இல்லை. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. வேண்டுமென்றே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பினேன்.

வந்து இறங்கியபோது கை நடுங்கியது. கிளட்ச் இறுக்கம், வெயில், சந்தோஷம், எல்லாம் சேர்ந்து முழங்கைக்குக் கீழே துடித்தது. ஹெல்மெட் வார் கழுத்தடியில் மாட்டிக்கொண்டு அவிழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, நடுங்கும் விரலால் அதை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"ஐயையோ, வந்துடுச்சி! டேய், வந்துடுச்சிடா!"

அந்த அம்மா இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பழைய பெட்டிச் சாவிகள், குடோன் சாவிகள், அத்தனையும் இரும்பு. "புடி, கெட்டியா புடி, வுடாத! இரும்பு புடிச்சா நின்னுடும், புடி கண்ணு!" என் விரல்களை மடக்கி மேலே தன் இரண்டு கைகளாலும் இறுக்கினார். சாவி முனை சதையில் குத்தியது. பையன் நொண்டிக்கொண்டே தண்ணீர்ச் செம்போடு வந்தான்.

வலிப்பு வந்தவர்களுக்குத்தான் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். எனக்கு எதற்கு?

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க! விடுங்க!" என்று கத்தினேன். கையை உதறினேன். உதற உதற அவர்கள் பிடி இறுகியது. "எனக்கு வலிப்பெல்லாம் இல்லம்மா, வார் மாட்டிக்கிச்சு!"

"அப்டித்தாம்மா சொல்லுவே. வந்தவங்களுக்கு வந்ததே தெரியாதாமே, அவரு சொன்னாரு." அந்த அம்மா மகனைப் பார்த்து, "கால புட்ச்சிக்கோடா" என்றார்.

என் புருஷனைத் தேடினேன். அவர் ஓடிவந்தார். இல்லைம்மா, அவளுக்கு ஒன்றுமில்லை என்று சொல்வார் என்று ஒரு நொடி நினைத்தேன். அவர் மண்டியிட்டு என் ஹெல்மெட் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, அஞ்சு நிமிசத்துல சரியாய்டும். கோவப்பட்டாத்தான் ஜாஸ்தியாவும்" என்றார். எனக்குச் சொல்லவில்லை, அவர்களுக்குச் சொன்னார். அந்த நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வேன்!

எனக்குக் கோபம் வந்தால் கை கால் ஆடும், வாய் குழறும், முகம் கோணும். பிறவிக் குணம். அன்றைக்கு என் கோபமே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு நோயாளி. அதனால் வாயை மூடினேன். சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்துக்கிடந்தேன். "பாத்தியா, இரும்பு கைல பட்டதும் அடங்கிட்ச்சி" என்றார் அந்த அம்மா நிம்மதியாக.

அவர் என் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தார். நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்லமாட்டேன். குனிந்து காதோரமாகச் சொன்னார்: "மன்ச கலங்க வுடாத கண்ணு. உங்க ஊட்டுக்காரரு எல்லாத்தயும் சொன்னாரு. இதனாலதான் டாக்டரு புள்ள பெத்துக்கவே கூடாதுன்னு சொல்ட்டாராமே. இன்னா பண்றது, தலையெழுத்து. இப்டிப்பட்ட புருசன் கெடச்சதுக்கு நீ புண்ணியம் பண்ணியிருக்கணும்."

இதைக் கேட்டுத்தான் எனக்கு நிஜமாகவே ஏதோ வந்தது போலானது.

டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். இருவருக்கும் பரிசோதனை செய்த பிறகு சொன்னார். குறை என் புருஷனிடம்தான், என்னிடம் ஒன்றுமில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்று இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரிடமும் சொல்லிவிடாதே என்றார். நான் சொல்லவில்லை. என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா கோயில் கோயிலாகத் தொட்டில் கட்டினாள். முட்டி தேய்ந்த காலோடு மலையேறினாள். ஏறவேண்டாம்மா, நீ கட்டுகிற தொட்டிலால் எதுவும் ஆகப்போவதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவருடைய மானத்துக்காக அவளை ஏறவிட்டேன். அது தெரியாமலே செத்தும் போனாள்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். வழக்கம்போல நான் முன்னால், அவர் பின்னால். வெளிவட்டச் சாலைக்கு அருகே சர்வீஸ் ரோட்டில் ஓரமாக நிறுத்தினேன். கோபம் தலைக்கேறினால் எனக்கு ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"பட்டாபிராம்லயும் இதைத்தான் சொன்னீகளா?"

அவர் இறங்கி நின்று செருப்பைப் பார்த்தார்.

"திருவேற்காட்டுல?"

"நீ வண்டிய எடுத்துக்கினு போய்ட்டா திரும்பி வரமாட்டியோன்னு பயமா இருந்துச்சி மா."

"அப்போதைக்கு வாயில வர்ற பொய் இவ்வளவு கோர்வையாவா வரும்? சொல்லிச் சொல்லிப் பழகினவுகளுக்குத்தான் அப்படி வரும். வேற யாருகிட்டச் சொல்லியிருக்கீக?"

ஒரு தண்ணீர் லாரி போனது. பிறகு சொன்னார்: "அம்மா கேட்டுக்கினே இருந்தாங்க, ஏன் புள்ள இல்லன்னு. நான் இன்னா சொல்லட்டும்? ஒரு வார்த்த சொல்லி வெச்சேன். அம்மா எல்லார் கிட்டயும் சொல்ட்டாங்க."

"எப்ப?"

"அப்பவே."

அப்பவே! அப்படியென்றால் நான் அந்த வீட்டில் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும். பொங்கலன்று பானை பொங்கும்போது நாத்தனார்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். என்னை மட்டும், "நீங்க உக்காருங்க அண்ணி, உங்களுக்கென்ன தலையெழுத்தா" என்று நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். குளத்துக்குப் போனால் படியிலேயே நிறுத்தி, சொம்பில் மொண்டு வந்து என் தலையில் தெளிப்பார்கள். நாத்தனார் குழந்தையை மடியில் வாங்கினால், இரண்டு பேர் இரண்டு பக்கமும் வந்து உட்காருவார்கள். நெருப்புக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் வலிப்புக்காரியை விடக்கூடாது. பிள்ளையை அவள் கையில் தனியாகக் கொடுக்கக்கூடாது. இது தெரியாமல் நான் அம்மாவுக்கு போன் போட்டு, "என்னை ராணி மாதிரி வச்சிருக்காக, ஒரு வேலை செய்ய விடமாட்டாக" என்று பெருமையடித்தேன். அம்மா எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள்.

குப்பை போடக் கூடவே இறங்கிய எதிர்வீட்டு அக்கா வரைக்கும் யார் யாருக்கு எது எது தெரியும் என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். இவர் என் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்காருவதுகூட அவர்கள் கணக்கில் காவல்தான். எல்லோரும் அன்பானவர்கள் இல்லை, காவல்காரர்கள். மனுஷியாகவே என்னை யாரும் பார்க்கவில்லை.

"இப்பப் போயி உங்கம்மாட்டச் சொல்லுதீகளா? குறை யாருக்குன்னு?"

"அது... இனிமே எதுக்கு மா? ஏறி உக்காரு, வெயில்ல நிக்காத. வெயில்ல நின்னா உனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பாவி, அந்தப் பொய்யை அவரே நம்ப ஆரம்பித்திருந்தார்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். வீட்டில் சமைத்தேன், போட்டேன். நான் ஆறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். அவர் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? வலிப்புக்காரி, வந்தது தெரியாதவள், கோபம் வந்தால் ஏதேதோ உளறுகிறவள். அந்த வாசலையும் அவர் எப்போதோ அடைத்துவிட்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரையும் கூட்டாமல் குத்தம்பாக்கம் போனேன். வண்டி வேப்பமரத்தடியில் அப்படியே நின்றது. வெயிலுக்கு ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டிருந்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன்; பொட்டு வியர்வையில் அழிந்திருந்தது, தாலி ஜாக்கெட்டுக்குள் இருந்தது. அந்த அம்மா வெளியே வந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, தனியா வந்துக்கீற? ஊட்டுக்காரரு எங்க?"

"அவர் இல்லம்மா."

கூட வரவில்லை என்ற பொருளில்தான் வாயில் வந்தது. சத்தியமாக. ஆனால் அந்த அம்மாவின் கண் என் நெற்றிக்குப் போனது, கழுத்துக்குப் போனது. கை தானாகவே வாயைப் பொத்திக்கொண்டது. தமிழில் ஆள் வீட்டில் இல்லை என்பதற்கும், உலகத்திலேயே இல்லை என்பதற்கும் ஒரே சொல்தான்.

"ஐயோ கடவுளே! போன வாரம் இங்க குந்திக்கினு பேசினாரே!"

இந்த இடத்தில் திருத்தியிருக்கலாம். ஐயோ, அப்படி இல்லை, வீட்டில் இட்லி தின்றுகொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, கவலையோடு கேட்டார்: "வலிப்ப வெச்சிக்கினு இனிமே தனியா இன்னா பண்ணுவ கண்ணு?"

"வலிப்பு எனக்கில்லம்மா. அவருக்குத்தான். வெளியில சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு என் பேர்ல சொல்லிட்டார்."

அவர் நெஞ்சில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அதுலதான் போனாரா?"

பதில் சொல்லவில்லை. பதில் தேவைப்படவும் இல்லை. அந்த அம்மா வீட்டுக்குள் திரும்பி, "டேய், சாவியக் குடுத்துடுறா. கேக்கறதுக்கு நாதி இல்லாத பொண்ணு. யாரயும் குந்த வெக்கவேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார். அடமானமில்லாமல் எனக்குச் சாவி கொடுத்த ஒரே வீடு அதுதான்.

பேர் மாற்றுகிற வேலையெல்லாம் முடிந்து வண்டி சேக்காட்டுக்கு வந்தது. அவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி வந்து வண்டியைச் சுற்றி நடந்தார். பின்சீட் இல்லாத இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல வண்டி" என்றார்.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் காலை பார்க்கிங்கில் உட்கார்ந்து செயினைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கை முழுக்க எண்ணெய். அவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், உதவி செய்கிறாராம். சீட் மேல் வைத்திருந்த என் போன் அடித்தது.

"எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன்.

"ஹலோ" என்றார் அவர்.

"யாருப்பா? அந்தப் பொண்ணு இல்லியா? நான் குத்தம்பாக்கத்துலேர்ந்து பேசறேன், வண்டி குடுத்தோமே." அந்த அம்மாவின் குரல் பார்க்கிங் முழுக்கக் கேட்டது. "காரியம் என்னிக்குன்னு கேக்கலாம்னுதாம்பா போட்டேன். அவ ஊட்டுக்காரரு காரியம். ஒரே ஒரு வாட்டிதான் பாத்தோம், ஆனா மன்சு கேக்கல. வந்து தலயக் காட்டிட்டுப் போலாம்னு."

அவர் என்னைப் பார்த்தார். நான் பின்சக்கரத்தைச் சுற்றினேன்.

"இன்னாப்பா, லைன்ல கீறியா? பாவம்பா அந்த மனுசன். தனக்கு வலிப்பு வெச்சிக்கினு, அத்த வெளிய சொல்ல வெக்கப்பட்டு, பொஞ்சாதி தலைல போட்டுட்டுப் போய்ட்டாரே. இருந்தா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேட்டிருப்பேன். செத்தவர இன்னா சொல்றது. ஆமா, நீ யாருப்பா அவருக்கு?"

நான் கையை நிறுத்திவிட்டேன். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. நான்தாம்மா அவள் புருஷன், உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் போதும். சொன்னால் மிச்சத்தையும் சொல்லவேண்டியிருக்கும். வலிப்பு யாருக்கு, குறை யாருக்கு, பொய் யாருடையது, எல்லாவற்றையும். அவர் நெற்றியில் வியர்வை அரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

"தெரிஞ்சவன்மா" என்றார் அவர். "சும்மா, தெரிஞ்சவன்தான்."

"நீயாச்சும் அந்தப் பொண்ணப் பாத்துக்கப்பா."

"சரிம்மா."

போனைச் சீட் மேல் வைத்தார். துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நான் செத்துட்டேன்னா சொன்ன?"

"இல்லைன்னுதான் சொன்னேன்" என்றேன்.